மாமனார் ஊருக்கு நான் கொண்டுபோன விமான நிலையம்

மரியாதையாகச் சிறை வைக்கப்பட்ட அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். இளநீர் சீவிக் கொடுத்தார்கள். வெயில் நகர நகர, என்னோடு சேர்த்து நாற்காலியையும் தூக்கி நிழலில் வைத்தார்கள். எழுந்து நின்றால் மட்டும், "எங்கிட்டு கெளம்பிட்டீங்க மாப்ள, உக்காருங்க" என்று நாலு பேர் தோளில் கை வைத்தார்கள். இப்படி இரண்டரை மணி நேரம், என் மனைவி பிறந்த ஊரில்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். திருவரங்குளத்துக்கும் ஆலங்குடிக்கும் நடுவில், தென்னையும் முந்திரியும் கடலையும் விளைகிற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். (தீபாவளிக்கு இன்னும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம்.)

குற்றம் முழுக்க என் மேல்தான். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர். அந்த வயதில் அடுத்தவர்கள் மனை வாங்குவார்கள், மேல்மாடி எடுப்பார்கள். நான் தெர்மாகோல் போன்ற ஒரு ஃபோம் அட்டையை வெட்டி, ஒட்டி, மோட்டார் மாட்டி, ரிமோட்டில் பறக்கவிடும் சின்ன விமானங்கள் செய்யப் பழகியிருந்தேன். முதல் விமானம் ஒன்பது விநாடி பறந்தது. இரண்டாவது பறக்கவே இல்லை. மூன்றாவது நன்றாகப் பறந்து போனது. இன்றுவரை எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்போதுதான் எங்கள் மாதிரி விமான ஆர்வலர் சங்கம் கண்ணில் பட்டது. சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தம் ஆறு பேர். நான் ஏழாவது. செயலாளர் அந்தோணி சார் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே என் நாலாவது விமானத்தைக் கையில் வாங்கி, விரல் நுனியில் வைத்து, "மூக்கு கனம் பத்தல தம்பி. ரெண்டு ரூபா காசை முன்னாடி ஒட்டுங்க" என்றார். ஒட்டினேன். பறந்தது. மூன்று விமானம் இழந்தும் எனக்குப் புரியாததை அவர் மூன்று விநாடியில் சொல்லிவிட்டார். சங்கத்தில் சேர்வதால் என்ன பயன் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மாமனார் ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் இதை மட்டும் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஞாயிறு தோறும் நான் காணாமல் போவதும், சட்டையில் ஏதோ பசை வாசனையோடு திரும்புவதும் என் மனைவி தேன்மொழிக்கு இயல்பாகவே சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரு நாள் சொல்லாமல் பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். வந்து பார்த்தால், காய்ந்த கண்மாய்க்குள் ஏழு ஆண்கள் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் கரையில் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து காபி கொடுக்கும்போது ஒரே ஒரு வரிதான்: "இதை எங்க வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க."

நானும் சொல்லாமல்தான் இருந்தேன். அந்தோணி சார்தான் ஒரு நாள் குண்டைப் போட்டார். பத்து உறுப்பினர் இருந்தால்தான் மேல் சங்கத்தில் எங்களைச் சேர்த்துக்கொள்வார்களாம். சேர்த்துக்கொண்டால் காப்பீடு உண்டு; பறக்கவிட ஒரு இடத்துக்கு முறையாக அனுமதி கேட்கலாம்; யார் வீட்டுக் கூரையிலாவது விழுந்தால் ஓடி ஒளிய வேண்டியதில்லை. "மூணு பேர். யார் கொண்டுவர்றீங்க?" என்றார். மற்ற ஐந்து பேரும் குனிந்து தங்கள் விமானத்தின் சக்கரத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்திருந்தேன். (எப்போதும் எனக்கு இந்த வியாதி உண்டு.)

முதலில் பாலிடெக்னிக்கில் கேட்டேன். "சேர்ந்தா நான் எத்தனை பேரைச் சேர்க்கணும்?" என்று கேட்டார் மெக்கானிக்கல் வாத்தியார். பக்கத்து வீட்டுக்காரர், "நமக்கு ஏற்கெனவே மூலிகைப் பவுடர்ல பட்ட அனுபவம் இருக்கு சார்" என்று கேட்டைச் சாத்தினார். அப்போதுதான் மாமனார் ஊர் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை ஒன்றைக் கேட்டு அந்த ஊர் இல்லை என்று சொன்னதே கிடையாது. கல்யாணமான புதிதில் பலாச்சுளை பிடிக்கும் என்று ஒரு வார்த்தை தவறிச் சொன்னதற்காக ஒரு முழுப் பலாப்பழத்தைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டவர்கள்.

நோட்டீஸ் எழுதினேன். அச்சகத்தில் கொடுத்தேன். அச்சகக்காரர் அனுபவசாலி. வாங்கப் போனபோது, "சார், 'மாதிரி விமானம்'னு நாலு எடத்துல எழுதியிருந்தீங்க. அது பேச்சு வழக்கு, எடுத்துட்டேன்" என்றார்.

"இல்லைங்க, மாதிரின்னா வந்து..."

"மாதிரின்னு போட்டா டூப்ளிகேட்டுன்னு நெனைச்சுருவாங்க சார். ஒரு கௌரவமா இருக்கட்டும்."

அச்சானதை என்ன செய்வது. பார்க்கவும் கௌரவமாகத்தான் இருந்தது. மேலே ஒரு பெரிய பயணிகள் விமானப் படத்தையும் அவராகவே போட்டிருந்தார். அதற்குக் கீழே, என் சொந்தக் கைவண்ணத்தில்:

நமது பகுதியில் விமானம். உறுப்பினராகச் சேர்வீர். இலவசப் பயிற்சி உண்டு. விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு. சமமான, மரங்கள் இல்லாத நிலம் வைத்திருப்போர் உடனே தொடர்பு கொள்ளவும். ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரில் விளக்கப்படும்.

நிலம் கேட்டது, விமானத்தைப் பறக்கவிட வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு காலி இடம் வேண்டும் என்பதற்காக. இழப்பீடு என்றது, காப்பீட்டைச் சொன்னது. இப்போது படிக்கும்போது எனக்கே வியர்க்கிறது. அன்றைக்கு ரொம்பத் தெளிவாக இருப்பதாகத்தான் பட்டது. கட்டோடு வெள்ளிக்கிழமை காலை மினி பஸ் டிரைவரிடம் கொடுத்து, "மாமாகிட்ட குடுத்து, ஊர் பூரா குடுக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டேன். ஆக, நான் போய்ச் சேரும் முன் அந்த ஊருக்கு யோசிக்க முழுதாக இரண்டு நாள் கிடைத்தது.

ஞாயிறு காலை, மகளுக்குப் பரீட்சை என்று தேன்மொழி வீட்டில் இருந்துவிட்டாள். "அதை எடுத்துட்டுப் போகலையே?" என்றாள். "சேச்சே" என்றேன். விமானம் ஏற்கெனவே போர்வையில் சுற்றி பைக்கின் பின்னால் கட்டப்பட்டிருந்தது.

மாமனார் வேலுச்சாமி வாசலில் நின்றிருந்தார். வழக்கமாக, "வாங்க மாப்ள" என்று நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி சொல்கிறவர், அன்றைக்குப் போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "உள்ள வாங்க" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நோட்டீஸ் பாத்தீங்களா மாமா?"

"ஊரே பாத்துருச்சு." என் பக்கம் குனிந்தார். "எத்தன ஏக்கர் வேணும் மாப்ள?"

என்ன ஆர்வம் பாருங்கள் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. "ரெண்டு ஏக்கர் இருந்தாப் போதும் மாமா. மரம் மட்டும் இருக்கக்கூடாது."

"இருக்குற மரத்த?"

"அதை நம்ம வெட்டச் சொல்ல முடியுமா. இருந்தா இடைஞ்சல், அவ்வளவுதான்."

"ரெண்டு ஏக்கர்ல வண்டி எறங்கிருமா?"

"தாராளமா. கையிலேர்ந்தே எறிஞ்சுருவோம், எறங்கத்தான் எடம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் விமானத்தைச் சொன்னேன். அவர் காதில் என்ன விழுந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "யாரு யாரு சேந்துருக்காங்க நம்ம ஊருல?" என்றார்.

"இனிமேத்தான் மாமா. ஊர் பூராவும் சேர்ந்தா எனக்குச் சந்தோஷம்."

"ஊர் பூராவுமா" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கடலை பிடுங்கி முடித்த அவருடைய கொல்லைக்குப் போனோம். அங்கே நூறு பேர் இருப்பார்கள். ஒரு திருவிழாக் கூட்டம். ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அதை நான் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். முன்வரிசையில் வார்டு மெம்பர் செல்வராணி, கையில் நாலாக மடித்த நோட்டீஸோடு. கொஞ்சம் தள்ளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரெங்கசாமி. இவர் என் மாமனாரின் சித்தப்பா மகன், பங்காளி. இரண்டு பேர் கொல்லைக்கும் நடுவில் உள்ள வரப்பு யாருடையது என்பதில் தகராறு ஆகி, இரண்டு பேரும் பேசிப் பன்னிரண்டு வருடம். அவரே வந்திருக்கிறார் என்றதும் என் நெஞ்சு நிமிர்ந்தது.

பேசினேன். கல்லூரியில் ஒரு முறைகூட மேடை ஏறாதவன் நூறு பேரைக் கண்டதும் மாறிவிட்டேன்.

"தனியா இருந்தா இதுல நஷ்டம்தான் அதிகம். நானே தனியா இருந்து மூணு தடவை எல்லாத்தையும் இழந்தவன். சங்கத்துல சேர்ந்துட்டீங்கன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க பாத்துக்குவோம். சேராதவங்க மேல ஏதாவது விழுந்தா, அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோசனம் இல்லை."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஆதரவு என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

"யோசிக்காதீங்க. ஏற்கெனவே ஏழு பேரு கையெழுத்துப் போட்டாச்சு."

முணுமுணுப்பு நின்றுவிட்டது. ரெங்கசாமி ஒரு அடி முன்னால் வந்தார். "யாரு அந்த ஏழு பேரு?"

"எல்லாம் பெரிய ஆளுங்க சின்ன மாமா. சேந்தப்புறம் நீங்களே பாப்பீங்க."

நான் எங்கள் சங்கத்துப் பல் டாக்டரையும் பேக்கரிக்காரரையும் மனதில் வைத்துச் சொன்னேன். நூறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நின்றிருந்த இடத்திலேயே ஆளுக்கு ஒரு அடி விலகினார்கள். கடைசியில் அத்தனை கண்ணும் என் மாமனார் மேல் வந்து நின்றது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செல்வராணிதான் நிதானமாகக் கேட்டார். "தம்பி, பேச்சு இருக்கட்டும். அளவெடுத்தாச்சா, இனிமேத்தானா?"

அளவு என்றதும் விமானத்தின் அளவைக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். "அதெல்லாம் எடுத்துத்தாங்க செஞ்சிருக்கேன். இப்ப நேர்ல காட்டுறேன்" என்று போர்வையை உருவினேன்.

நாலடி அகலச் சிறகு. சிவப்பும் வெள்ளையும். மோட்டாரை முடுக்கித் தலைக்கு மேல் தூக்கி எறிந்தேன். அன்றைக்கு அது பறந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் பறந்ததில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் தரையில் ஒரு நேர்க்கோட்டைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே போய் வர வேண்டும் என்பது அந்தோணி சார் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தக் கொல்லையில் நேராக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வரப்பு. அதன் மேலேயே போனேன், வந்தேன், போனேன், வந்தேன்.

"நாலு தடவ" என்று ரெங்கசாமி சொன்னது கேட்டது. "வரப்பத்தான் அளக்குறான். அண்ணனும் மருமகனும் சேந்து என் கொல்லையையும் சேத்துக் குடுக்கப் பாக்குறாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அதுதான் தவறு. மறுபடி நிமிர்ந்தபோது விமானம் சூரியனுக்குள் போய்விட்டிருந்தது. கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மிச்சம். என்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக இடது பக்கம் திருப்பினேன். சர்ரென்று ஒரு சத்தம். ரெங்கசாமியின் தென்னை மரத்துக் குருத்துக்குள் சிறகு மட்டும் வெளியே தெரிய, மூக்கு புதைந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் நாற்காலி வந்தது.

அந்த ஊர்க்காரர்களின் பண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. வெளியாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மாப்பிள்ளை என்பதால் மரியாதை ஒரு இம்மிகூடக் குறையவில்லை. ஒருவர் மரமேறி விமானத்தை எடுத்துக்கொண்டு வரும்போது எனக்காக இரண்டு இளநீரும் பறித்துப் போட்டார். விமானத்தைச் சாட்சிப் பொருளாக ஒரு கோணிச் சாக்கின் மேல் வைத்து, இரண்டு பேர் காவல் நின்றார்கள். பைக் சாவி எப்போது என் சட்டைப் பையிலிருந்து போனது என்று தெரியவில்லை.

"ஏர்போர்ட் வரப்போவுதுன்னு நேரா சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார் செல்வராணி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விமானம். நிலம். மரம். இழப்பீடு. நோட்டீஸை அவர் கையிலிருந்து வாங்கி, அவர்களுடைய கண்ணால் ஒரு முறை படித்தேன். விமான நிலையத்துக்கு நிலம் எடுக்க வந்த புரோக்கர்கூட இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டான்.

"அய்யோ, ஏர்போர்ட் இல்லைங்க. இது விளையாட்டு."

"எங்க நெலம் ஒங்களுக்கு வெளையாட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மாமனார் போனை எடுத்து, ஊருக்கு முன்னால் தான் சுத்தமானவன் என்று காட்டுவதற்காக ஸ்பீக்கரில் போட்டு, தேன்மொழியை அழைத்தார்.

"ஆத்தா, ஒன்னுதான் கேப்பேன். நெசத்தச் சொல்லணும். ஒம் புருஷன் காலேஜு வேலைய விட்டா வேற என்ன பண்றாரு?"

நான், சொல்லிவிடு தாயே, சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். தேன்மொழி தொண்டையைச் செருமிக்கொண்டு, குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிற குரலில் சொன்னாள்:

"அது வெளிய சொல்ற மாதிரி இல்லப்பா."

மாமனார் போனை அணைத்தார். நூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். "பொண்ணு குடுக்கும்போதே நானே எறங்கி நின்னு விசாரிச்சிருக்கணும்" என்று அவர் யாரிடமோ சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. அந்த இரண்டரை மணி நேரத்தில் எனக்கு வலித்தது அந்த ஒரு நிமிடம்தான். பதினோரு வருடம் என்னை நம்பிய மனிதர்.

"ஸ்டேஷனுக்குப் போன் போடவா, ஒங்க தலைவருக்கு நீங்க போடுறீங்களா?" என்று செல்வராணி கேட்டார். அந்தோணி சாருக்குப் போட்டேன்.

"சார், உறுப்பினர் சேர்க்கையில ஒரு சின்னச் சிக்கல்."

"எத்தனை பேரு வந்திருக்காங்க?"

"நூறு பேரு சார்."

"பிரமாதம். நாங்க எல்லாரும் வர்றோம்" என்று அவர் வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். ஒரே காரில் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே மஞ்சள் டி-ஷர்ட், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. (வெயிலில் வானத்தைப் பார்க்கக் கண்ணாடி, தூரத்தில் இருந்து தெரிய மஞ்சள். இதெல்லாம் சங்க விதி.) "எஞ்சினீயருங்க வந்துட்டாங்கப்பா" என்று ஒருவர் சொன்னார். அந்தோணி சார் நூறு பேரைக் கண்டு மலர்ந்து, வணக்கம் சொல்லி, பழக்க தோஷத்தில் டிக்கியைத் திறந்து முதலில் எடுத்தது, பார்வையாளர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று குறிக்கும் ஐம்பது மீட்டர் டேப்.

"டேப்ப எடுக்குறாங்க" என்று கூட்டம் முழுவதும் முன்னால் நகர்ந்தது. ரெங்கசாமி பாய்ந்து போய் வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டார். அதைப் பார்த்த என் மாமனார், அவர் உட்கார்ந்தால் வரப்பு அவருடையதாகிவிடுமோ என்று சந்தேகப்பட்டு, தானும் போய் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தார். பேக்கரிக்காரர் மறுபடி காருக்குள் ஏறிக்கொண்டார்.

நல்லவேளையாக செல்வராணி இருந்தார். எல்லோரையும் கை காட்டி நிறுத்தினார். சாக்கின் மேல் கிடந்த என் விமானத்தை முதன்முறையாகக் கையில் எடுத்தார். எடுத்தவர் முகம் மாறியது. மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"மொறத்து கனம்கூட இல்லையே. இதுல யாரு ஏறுவா?"

"யாரும் ஏற முடியாதுங்க" என்றேன் நாற்காலியிலிருந்து.

"சாமான் ஏத்துமா?"

"ஏத்தாதுங்க."

"படம் புடிக்குமா?"

"புடிக்காதுங்க. கேமரா இல்லை, பாருங்க."

"கடலைக்கு மருந்தாச்சும் அடிக்குமா?"

"இல்லைங்க."

"அப்ப என்னதான் செய்யும்?"

"பறக்குங்க."

"பறந்து?"

"எறங்கிரும்."

செல்வராணி விமானத்தைப் பார்த்தார். மஞ்சள் சட்டைக்காரர்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அதுவரை இருந்த சந்தேகம் போய், அந்த இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்தது. "இதுக்கு ஒரு சங்கமா" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தோணி சாருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. நோட்டீஸை வாங்கிப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னார். பிறகு, "பேசினா யாருக்கும் புரியாது" என்று தன் விமானத்தை எடுத்துப் பறக்கவிட்டார். முப்பது வருடக் கை. தென்னைகளுக்கு நடுவில் புகுந்து, முந்திரித் தோப்பின் மேல் சாய்ந்து, கடைசியில் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சத்தமே இல்லாமல் இறங்கி, செல்வராணியின் காலடியில் வந்து நின்றது. வரப்பில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் வாயும் ஒரே அளவுக்குத் திறந்திருந்தது.

என் பைக் சாவி திரும்பி வந்தது. கூட்டம் கலைந்தது. மாமனார் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க ஏர்போர்ட்டே கொண்டாந்திருக்கலாம் மாப்ள. ஊரா சேந்து நாலு நா போராட்டம் பண்ணிட்டு விட்டிருப்போம். இத நான் போயி என்னன்னு சொல்லுவேன்."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சந்தேகம் அவ்வளவு சுலபமாகச் சாகிற பொருள் இல்லை.

அடுத்த ஞாயிறு கண்மாயில் ரெங்கசாமி வந்து நின்றார். உறுப்பினராகச் சேர வேண்டும் என்றார். அந்தோணி சார் கையைக் குலுக்கினார். ரெங்கசாமி என்னைத் தனியாக அழைத்துப் போய், "உள்ள இருந்து பாத்தாத்தான் தெரியும் மாப்ள, நீங்கள்லாம் என்ன பண்றீங்கன்னு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பங்காளி உள்ளே, தான் வெளியே என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரி என் மாமனாருக்குத் தூக்கம் வரவில்லையாம். மறு வாரம் அவரும் வந்தார். இந்த இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வாரா வாரம் போகிறார்கள் என்றால் ஏதோ இல்லாமல் இருக்காது என்று, அதற்கு அடுத்த வாரம் செல்வராணி படிவத்தை நிரப்பினார். சங்கத்தின் பெருமையைப் பேசி என்னால் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த அவநம்பிக்கை மூன்றே வாரத்தில் எங்களைப் பத்து பேராக்கிவிட்டது. மேல் சங்கத்தில் சேர்ந்துவிட்டோம். காப்பீடும் வந்துவிட்டது.

இன்றைக்கு எங்களில் நன்றாக ஓட்டுகிறவர் ரெங்கசாமிதான். ஆனாலும் அவர் சமாதானமாகவில்லை. விமானத்தை இறக்கி வைத்துவிட்டு, "எல்லாம் சரி மாப்ள. கடைசியில எதுக்கு இதெல்லாம்னு ஒரு நா சொல்லத்தான் போறீங்க" என்பார். அவரும் என் மாமனாரும் தனித்தனி வண்டியில் வந்து, கண்மாயின் இரண்டு பக்கமும் நிறுத்துவார்கள். பேச்சு கிடையாது. போன கோடையில் ஒரு நாள் ரெங்கசாமியின் விமானம் வெயிலுக்குள் போய்விட்டது. அவர் தடுமாறுவதைப் பார்த்து, "எடது பக்கம்டா தம்பி, எடது, எடது" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் என் மாமனார். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டு, தொப்பியைச் சரி செய்வது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விமானம் பத்திரமாக இறங்கியது. வரப்பு வழக்கு அப்படியேதான் இருக்கிறது.

எனக்குத்தான் ஒரு பட்டம் நிலைத்துவிட்டது. அந்தச் சுற்று வட்டாரத்தில் நான் 'ஏர்போர்ட் மாப்ள'. ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். பக்கத்து ஊர்களுக்குப் பட்டம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார்கள். கல்யாண வீடுகளில் என் தட்டில் கூடுதலாக ஒரு ஜிலேபி விழும், கூடவே, "மச்சானுக்கு நாப்பது கிலோ லக்கேஜ் விடுவாங்களா?" என்று ஒரு கேள்வியும் விழும். முதலில் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். 'ஏர்போர்ட்டுல இருக்குறவங்க அப்படித்தான், வேலையை வெளிய சொல்ல மாட்டாங்க' என்று ஆகிவிட்டது. இப்போதெல்லாம் செல்போனில் பார்த்து விமானம் வருகிற நேரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகன் துபாயிலிருந்து வருகிறானாம், திருச்சிக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும் என்றார். பார்த்து, ஒரு மணி நேரம் தாமதம் என்றேன்.

"நாலு வருஷம் கழிச்சு வாரான் தம்பி. நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, கொஞ்சம் வெரசா எறக்கிவிடச் சொல்லி?"

"சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்கு வண்டி சரியான நேரத்துக்கே இறங்கிவிட்டது. மறுநாள் அந்த மகனே வந்து ஒரு டப்பா பேரீச்சம்பழமும் இரண்டு தைலப் பாட்டிலும் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனான். தேன்மொழி டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "இதை எங்க வீட்டுல தாராளமா சொல்லலாம்" என்றாள்.